மூன்று நாய்கள், இரண்டு துப்பாக்கிகள்

காலை ஆறரை மணி. குடகு மாவட்டத்தின் தென்கோடியில், விராஜ்பேட்டைக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டம். மூடுபனி இன்னும் சில்வர் ஓக் மரங்களை விட்டு இறங்கவில்லை. எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மெல்ல நடக்கிறார். ஒரு கையில் குடை. மறு கையில் பத்து மீட்டர் நீளக் கயிறு. கயிற்றின் அந்தப் பக்கம் பெல்: பழுப்பும் வெள்ளையுமான காக்கர் ஸ்பானியல், வயது ஆறு.

பெல் நேராக நடப்பதில்லை. காப்பிச் செடிகளுக்கு அடியில் இடமும் வலமுமாக, தறியில் ஓடும் நாடா மாதிரி, மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. திடீரென்று அதன் வெட்டுப்பட்ட வாலின் வேகம் மாறுகிறது. பெரியவர் நின்றுவிடுகிறார். இரண்டு வினாடி. செடிகளின் நடுவிலிருந்து கானக்கோழிச் சேவல் ஒன்று கேறிக்கொண்டு வெடித்தெழுகிறது. கழுத்துச் சிறகுகளில் மஞ்சள் பொட்டுகள் ஒருகணம் மின்ன, சரிவுக்கு அப்பால் மறைகிறது.

பெல் துரத்தவில்லை. பறவை எழுந்த அந்த நொடியே பின்காலில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறது. பிறகு திரும்பிப் பெரியவரைப் பார்க்கிறது. மீண்டும் வானம். மீண்டும் பெரியவர்.

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து அதன் தலையைத் தடவுகிறார். "அவ்வளவுதான். வேறொன்றும் நடக்காது" என்று குடவ மொழியில் சொல்கிறார். ஆறு ஆண்டுகளாகத் தினமும் இதையே சொல்லி வருகிறார். நாய் இன்னும் நம்பவில்லை.

நடக்க வேண்டியது என்ன என்பது பெல்லுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. பறவையை மோந்து கிளப்பவும், கிளம்பியதும் உட்காரவும், விழுந்ததைத் தேடிப்பிடித்துப் பல் படாமல் கொண்டுவரவும் சில நூறு ஆண்டுகளாகப் பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. இந்தக் காரியச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மனிதனுடையது. அந்தக் கண்ணியை இந்திய அரசு 1972இல் இறுக்கி, 1991இல் அறுத்தது. பெரியவர் அதற்கு முன்பே அறுத்துக்கொண்டவர். அது தனிக்கதை.

வீட்டின் நடுக்கூடத்தில் தொங்குவிளக்குக்கு எதிரே உள்ள சுவரில் இரண்டு துப்பாக்கிகள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து முகம் மாறுவது வழக்கம். குடகில் இது சாதாரணம். 1834இல் குடகைப் பிடித்த ஆங்கிலேயர்கள், 1857 கலகத்துக்குப் பிறகு நாடு முழுக்க ஆயுதங்களைப் பறித்தபோது குடவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். 1861இல் கிடைத்த அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. 2019இல் மத்திய உள்துறை அமைச்சகம் அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. குழந்தை பிறந்தால் ஒரு வெடி, ஆள் இறந்தால் இரண்டு வெடி என்று வாழ்வின் இரு முனைகளிலும் துப்பாக்கி முழங்கும் சமூகம் இது. நீதிமன்றத்தில் இதை எடுத்துச் சொல்லி வாதாடுவது சுலபம்.

செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் திருவிழா நம் ஆயுத பூஜையின் சகோதரி. நடவு முடிந்த கையோடு வருவது. துப்பாக்கிகளைத் துடைத்து, சந்தனம் வைத்து, விளக்கடியில் சாத்தி, குழலின் வாயில் ஒரு பூவைச் செருகுகிறார்கள். 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்று பெயர். அது வேறெதுவுமில்லை, நம்முடைய செங்காந்தள்தான். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூ, ஒரு மலை தாண்டியதும் குழல்வாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தமிழ் படித்தவர்களுக்குச் சற்றுத் திடுக்கென்றிருக்கும்.

சுவரில் மேலே இருப்பது பெரியவரின் தாத்தாவுடையது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். கரிமருந்து, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் ரவை, மறுபடியும் நார், பிறகு கம்பியால் இடி, கடைசியில் கேப்பு. ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மழை பெய்தால் ஆகவே ஆகாது. பெரியவர் இதைக் கையில் எடுத்தபோது வயது பத்து, வருடம் 1952. தாத்தா ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டுக்கான மருந்துதான் அளந்து கொடுப்பார். அதனால் சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டதாகப் பெரியவர் சொல்கிறார்.

அந்தக் காலத்து நாய் கரியா. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த கறுப்பு நாட்டு நாய். அதற்கு யாரும் எதையும் பழக்கவில்லை. பறவை விழுந்ததும் நாயும் பையனும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். பையன் முந்தினால் வீட்டில் குழம்பு. கரியா முந்தினால் சிறகு மட்டும் மிஞ்சும். "முக்கால்வாசி கரியாதான் முந்தும்" என்கிறார் பெரியவர். ஆனால் காலில் இரட்டை முள் வைத்த, கோழிக்கும் கௌதாரிக்கும் இடைப்பட்ட ஸ்பர்ஃபௌல் என்ற பறவை மூங்கில் புதருக்குள் எங்கே பதுங்கும், கானக்கோழி ஏன் பறப்பதற்கு முன் கடைசிவரை ஓடிப் பார்க்கும், மூங்கில் பூத்துக் காய்க்கும் வருடத்தில் எங்கிருந்தெல்லாம் கூட்டம் வந்து சேரும் என்பதெல்லாம் அந்த நாயின் பின்னால் ஓடித் தெரிந்துகொண்டவை. ஒரு மழைக்கால இரவில் சிறுத்தை கரியாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காப்பித் தோட்டத்து நாய்களில் பாதியின் கதை இப்படித்தான் முடிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வேட்டை நாய் என்றதும் தமிழர்கள் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கன்னியையும் நினைப்பார்கள், கர்நாடகத்தில் முதோல். அவை கண்ணால் பார்த்துக் காலால் துரத்துபவை. முயலுக்கும் பன்றிக்கும் பொருந்தும். பறவை வேட்டைக்குத் துரத்தும் நாய் உதவாது. அங்கே தேவை மூக்கும் பொறுமையும். பறவை நாய்களில் மூன்று ஜாதி. பாயின்டரும் செட்டரும் பறவை இருக்கும் இடத்தை மோந்ததும் உறைந்து நின்று காட்டுபவை. ஸ்பானியல் புதருக்குள் புகுந்து கிளப்பிவிடுவது. ரிட்ரீவர் விழுந்ததை எடுத்து வருவது. இன்று நகரத்து அடுக்குமாடிகளில் பிஸ்கட் தின்று பெருத்துக் கிடக்கும் லாப்ரடாரின் பரம்பரைத் தொழில் இதுதான். எல்லாமே மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. நம் வெயிலில் நீண்ட ரோமக்காரர்களான செட்டர்கள் தவித்துப்போகும். ஸ்பானியலின் காதில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் உருண்டை உருண்டையாகச் சிக்கும். உண்ணிக் காய்ச்சல் எல்லா நாய்களையும் பேதமில்லாமல் கொல்லும். குடகில் போதாக்குறைக்கு அட்டை. மழைக்காலத்தில் நாயின் மூக்குத் துவாரத்துக்குள் ஏறிவிடும். ரோமம் குட்டையான பாயின்டர்தான் இந்தியச் சமவெளிக்குச் சரி என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். பெரியவரும் அந்தக் கட்சி.

அவருடைய பாயின்டரின் பெயர் சுபேதார். 1966இல் மீரட் ராணுவக் குடியிருப்பில், ஓய்வு பெற்றுப் போன மேலதிகாரி ஒருவர் விட்டுச் சென்ற குட்டி. பெரியவர் அப்போது இளம் அதிகாரி, கல்யாணமாகாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கரும்புக் காட்டு ஓரங்களிலும் கங்கைக்கரை நாணல் காட்டிலும் கௌதாரி தேடிப் போவார்கள். அந்தப் பக்கத்து உயர்ந்த புல்லில் கருங்கௌதாரி. வெட்டவெளி வயல்களில் சாதாரணக் கௌதாரி. ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தபோது கல்கௌதாரி. கல்கௌதாரி மட்டும் நாய்க்கு வேலை வைப்பதில்லை. அது கடிகாரம் பார்க்கும் பறவை. தினமும் காலையில் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் தண்ணீருக்கு வரும். பிக்கானீர் மகாராஜா இதை வைத்துத்தான் கஜ்னேர் ஏரிக்கரையில் வைஸ்ராய்களுக்கு விருந்து வைத்தார். ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுடுவதைப் பெரியவர் வேட்டை என்று ஒப்புக்கொள்வதில்லை. "அது கணக்கெழுதுகிற வேலை."

சுபேதார் பறவையைக் காட்டும் விதத்தை அவர் இன்றும் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறார். எண்பது வயது உடம்பு முன்னால் சாய்கிறது, ஒரு கை மடங்கி மேலே எழுகிறது, கழுத்து நீள்கிறது, மூச்சு நிற்கிறது. முப்பது கெஜ தூரத்தில் மோப்பம் பிடித்ததும் நாய் இப்படியே கல்லாய்ச் சமைந்துவிடும். பின்னால் வரும் மனிதன் அவசரப்பட வேண்டியதில்லை. தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம், மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அவர் வரப்பில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டாராம். எழுந்து நொண்டிப் போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு மேல். சுபேதார் அசையவில்லை. நாய்க்கு முன்னால் ஒரு சாண் உயரப் புல்லில் கௌதாரியும் அசையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றிருந்தன. அந்தக் கௌதாரியைச் சுட மனம் வரவில்லை என்கிறார். "வரவில்லை என்று இப்போது சொல்கிறேன். சுட்டேனா, தவறவிட்டேனா என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்" என்று உடனே சேர்த்தும் கொள்கிறார்.

நோட்டு என்றால் காலிகோ அட்டை போட்ட கணக்கு நோட்டு. தேதி, இடம், கூட வந்தவர்கள், சுட்ட தோட்டா, விழுந்த பறவை. வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். தோட்டாவுக்கும் பறவைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பத்துக்கு நான்கு விழுந்தால் நல்ல நாள்.

சுவரில் கீழே தொங்குவது அந்த நோட்டில் வரும் துப்பாக்கி. பர்மிங்ஹாமில் வெப்லி அண்ட் ஸ்காட் செய்த 12 போர் இரட்டைக்குழல். 1964இல், தோட்டத்தை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஒரு துரையிடம் பெரியவரின் தகப்பனார் வாங்கியது. போர் என்பது ஒரு பழைய கணக்கு. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை இருக்க வேண்டும். அது 12 போர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 12 என்றால் வாயகலம் 18.5 மில்லிமீட்டர், 16 என்றால் 16.8, 20 என்றால் 15.6. எது சிறந்தது என்று வேட்டைக்காரர்கள் போடும் சண்டை, சைவ வைணவச் சண்டையைப் போல முடிவில்லாதது. மலைச்சரிவில் நாளெல்லாம் தூக்கி நடக்க 20தான் சுகம் என்று ஒரு கட்சி. காயம்பட்ட பறவை புதருக்குள் போய்ச் சாவதைவிட 12 வைத்து ஒரேயடியாகச் சாய்ப்பதே தர்மம் என்று எதிர்க்கட்சி. 16 போர்க்காரர்கள் இரண்டு பேரும் தப்பு என்பார்கள். அவர்களுக்குத் தோட்டா கிடைப்பதுதான் கஷ்டம்.

பெரியவர் இந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை. துப்பாக்கி தோளுக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். பறக்கும் பறவையைக் குறி பார்த்துச் சுட முடியாது. கண் பறவையின் மேல், கன்னம் கட்டையின் மேல், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். கட்டை அரை அங்குலம் நீளமானாலும் குண்டு பறவைக்குப் பின்னால்தான் போகும். இந்த வெப்லி மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். குழல் நீளம் 28 அங்குலம். விசை இரண்டு. முன்விசை வலக்குழலுக்கு, அதன் வாய் ஏறக்குறையத் திறந்தது, கிட்டத்துப் பறவைக்கு. பின்விசை இடக்குழலுக்கு, வாய் சற்றுக் குறுகியது, ரவை சிதறாமல் தூரம் போகும். பறவை எழுவது கிட்டத்தில், விலகுவது தூரத்தில் என்பதால் இந்த ஏற்பாடு. எந்தக் குழல் என்று அந்த அரை வினாடியில் விரலே முடிவு செய்துவிடும். பூண், செதுக்கு வேலை, வெள்ளித் தகடு ஒன்றும் கிடையாது. பர்டே, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்று மகாராஜாக்கள் வாங்கிய துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது குமாஸ்தா. வெப்லி நிறுவனம் 1979இல் இவ்வகைத் துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டது.

குடகில் துப்பாக்கியின் முதல் எதிரி மழை. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் உறை காகிதம். ஜூலை மாத ஈரத்தில் அது ஊதிப்போய் குழலுக்குள் போகாது. போனால் திரும்பி வராது. பேனாக்கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். தோட்டாக்களை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாராம் அம்மா. குழலுக்கு ரங்கூன் எண்ணெய். அவசரத்துக்குத் தேங்காயெண்ணெய் போட்டால் பிசின் பிடித்துவிடும். புதிய நீளத் தோட்டா பழைய குழலுக்கு ஆபத்து என்ற பாடம் வேறு. வெப்லியின் அறை 65 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பவை பல 70. உள்ளே போய்விடும், வெடித்தால் விரிய இடமிருக்காது.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு பளபளப்பு வருகிறது. தன் கையிலிருந்து எத்தனை உயிர் போனது என்பதை அவர் மறைக்கவில்லை. அதில் கிடைத்த சந்தோஷத்தையும் மறைக்கவில்லை. இந்த இரண்டாவது நேர்மைதான் அபூர்வம்.

1970 ஜனவரியில் அவர் விடுமுறைக்கு ஊர் வந்தார். சுபேதாரும் வந்தது. மீரட்டிலிருந்து மைசூர் வரை கார்டு வண்டியின் நாய்ப் பெட்டியில் நாலு நாள் பயணம், அதற்குமேல் பஸ். குடகில் இன்றுவரை ரயில் கிடையாது. வந்த மூன்றாம் நாள், நெல் அறுத்த வயலுக்கும் காட்டுக்கும் நடுவே உண்ணிச்செடிப் புதர் மண்டிய சரிவில், சுபேதார் ஒரு ஸ்பர்ஃபௌலைக் காட்டி நின்றது. பறவை பறக்கவில்லை, ஓடியது. நாய் பின்தொடர்ந்து மறுபடி நின்றது. மறுபடி ஓட்டம். மூன்றாம் முறை நாய் புதருக்குள் மறைந்தது. அது வலப்பக்கம் நிற்கிறது என்று இவர் நினைத்தார். ஓடுகிற பறவையை மடக்குவதற்காகப் புதரைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருந்தது அது. தேர்ந்த பாயின்டர்கள் மட்டுமே செய்யும் சாமர்த்தியம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கற்றது.

பறவை தாழ எழுந்தது. பறவைக்குக் கீழே ஆகாயம் தெரிந்தால் மட்டும் சுடு என்பது தாத்தா முதல் நாள் சொன்ன விதி. ஆகாயம் தெரியவில்லை. முன்விசையை விரல் இழுத்துவிட்டது. பதினைந்து தப்படி தூரத்தில் ரவை இன்னும் விரிந்திருக்காது.

நாய் கத்தவில்லை. புதரிலிருந்து வெளியே வந்து, அவர் காலடிக்கு வந்து, வழக்கம்போல உட்காரப் பார்த்தது. அவர் மடியில் கால்மணி நேரம் இருந்தது. அன்றைய தேதியிட்ட பக்கத்தில் அதே நேரான கையெழுத்தில் இருக்கிறது: தோட்டா 1. பறவை 0. அதன் கீழே சுபேதாரின் பெயர். நோட்டில் அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுப் பக்கங்கள்.

குடகில் ஐயப்பன் வேட்டைக்காரர்களின் தெய்வம். காட்டுக்குள் அவனுக்கென்று விட்டுவைத்த தோப்புகளில் சுட்ட மண் நாய்களை நேர்ந்து வைப்பார்கள். வரிசை வரிசையாக, பாசி பிடித்து, காது உடைந்து நிற்கும். சாமி கும்பிடும் வழக்கம் அவ்வளவாக இல்லாத அவர், அந்த விடுமுறை முடிவதற்குள் குயவரிடம் சொல்லி ஒன்று செய்வித்து வைத்துவிட்டு வந்தார். ஒரு காலை மடித்துத் தூக்கியபடி இருக்க வேண்டும் என்று கேட்டாராம். மூன்று காலில் நிற்காது, சுடும்போது உடையும் என்று குயவர் மறுத்துவிட்டார். நாலு காலும் ஊன்றிய நாய்தான் இருக்கிறது.

அதன்பின் அவர் பறவையைச் சுடவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. சட்டத்தை மதித்து வேட்டையை விட்டவர் என்று ஊரில் அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. மேடையில் கூடச் சொல்லியிருக்கிறார்கள். அவர் திருத்துவதில்லை.

பறவையைக் கொன்றவர்களே பறவையைக் காத்தவர்கள் என்ற வாதத்தை அவர் எடுக்காமலும் இல்லை. மைசூரில் கல்லூரிப் பேராசிரியையாக இருக்கும் மகளோடு சாப்பாட்டு மேஜையில் நடக்கும் சண்டை அது. மகள் ஞாயிறுதோறும் தொலைநோக்கியோடு பறவை எண்ணப் போகிறவர். காங்கிரஸைத் தொடங்கிய ஏ.ஓ. ஹியூம்தான் இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் மூன்று தொகுதிகளாகப் புத்தகம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்பார் அப்பா. அந்த ஹியூமே பிற்காலத்தில் உயிர்க்கொலையை வெறுத்து மரக்கறிக்கு மாறியவர் என்பார் மகள். சாலிம் அலி பத்து, பன்னிரண்டு வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டைச் சுட்டு வீழ்த்தியிராவிட்டால் இந்தியாவுக்கு ஒரு சாலிம் அலி கிடைத்திருப்பாரா என்பார் அப்பா. பரத்பூரில் 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதே, அதில் எத்தனை சாலிம் அலி கிடைத்தார்கள் என்பார் மகள். இந்த இடத்தில் மகளின் கை ஓங்கிவிடும். அப்பா குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்.

பெல்லைக் கொண்டுவந்ததும் அந்த மகள்தான். அம்மா போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவுக்குத் துணையாக. நாய்தான் கேட்டாரே தவிர ஸ்பானியல் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு மாதக் குட்டி தோட்டத்துக்குள் மூக்கை நுழைத்த முதல் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. பழக்காமல் விட்டிருக்கலாம். பழைய காலுறைக்குள் கோழிச் சிறகை அடைத்து வீசி எடுத்து வரச் செய்தார். சீழ்க்கைக்கு நிற்கவும், கை தூக்கினால் உட்காரவும் கற்றுக்கொடுத்தார். ஒரு வருடத்தில் நாய் தயாராகிவிட்டது. எதற்குத் தயார் என்ற கேள்வியை மகள் கேட்டார்.

"வாத்தியாரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் கச்சேரியா செய்கிறார்கள்?" என்றார் அப்பா.

நாய் பறவையைக் கிளப்புவதே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான் என்று மகள் ஒருநாள் சட்டப் புத்தகத்தைக் காட்டினார். சுடுவது மட்டுமல்ல, துரத்துவதும் ஓட்டுவதும் அதற்கு முயல்வதும் வேட்டை என்றே எழுதியிருக்கிறது. பெரியவர் இரண்டு முறை படித்தார். மறுநாள் விராஜ்பேட்டைச் சந்தையில் பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கி வந்தார். முட்டையிடும் பருவமான பிப்ரவரி முதல் மே வரை தோட்டப் பக்கமே போவதில்லை, தார்ச்சாலையில் நடை. பெல்லுக்குத் தார்ச்சாலை பிடிக்காது. மற்ற மாதங்களில் கயிற்றோடு தோட்டம். வேலியோரப் பாதையை விட்டு இறங்குவதில்லை. ஆனாலும் பாதையோரச் செடிக்குள்ளேயே சேவல் படுத்திருந்தால் என்ன செய்வது? அதற்குச் சட்டத்தில் என்ன பதில் என்று மகளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

துப்பாக்கி யாருக்கு என்பது அடுத்த விவகாரம். வெப்லியை மகளுக்குக் கொடுக்க ஆசை. மகளுக்கு வேண்டாம். கலெக்டர் ஆபீஸில் ஒப்படைத்துவிடலாம் என்கிறார். உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ராத்திரியில் டார்ச் கட்டிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று பெரியவருக்குத் தெரியும். பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்ட சம்பவங்கள் குடகில் நடந்திருக்கின்றன. அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.

இப்போதைக்கு வெப்லிக்கு வருடத்தில் ஒரு வேலை. கார்த்திகை, மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிப் புத்தரி வரும். புது அரிசித் திருவிழா. இரவில் குடும்பமே விளக்கோடு வயலுக்குப் போய், வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்து, முதல் கதிரை அறுத்து, 'பொலி பொலி' என்று கூவிக்கொண்டு வீடு திரும்புவார்கள். களத்துமேட்டுத் தமிழர்களுக்கு அந்தப் பொலி புரியும். வெடிப்பது குடும்பத்தில் மூத்தவரான பெரியவர். அன்று மாலையே பெல்லைப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டிவிடுவது வழக்கம். சத்தம் கேட்டு மிரண்டுவிடும் என்று மற்றவர்களிடம் சொல்வார்.

போன வருடம் யாரோ குழந்தை அந்தக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டது. வயல் வரப்பில் நிலா வெளிச்சத்தில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் குழலை உயர்த்தி வெடித்தார். சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்புவதற்குள், ஜனங்களின் கால்களுக்கு நடுவிலிருந்து பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று பாய்ந்து வெளியே வந்தது. மிரளவில்லை. குழல் காட்டிய திசையில் ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளைந்த நெல்லுக்குள் இறங்கிவிட்டது.

மற்றவர்கள் கதிரோடு வீட்டுக்குப் போனார்கள். புது அரிசிப் பாயசம் காத்திருந்தது. பெரியவர் சீழ்க்கை அடித்தார். ஆறு ஆண்டில் முதல்முறையாக பெல் கீழ்ப்படியவில்லை. நெற்கதிர்கள் இடமும் வலமுமாக அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு கண்டத்தை முடித்துவிட்டு அடுத்த கண்டம். மகள் டார்ச்சும் சால்வையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். துப்பாக்கியைக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

பெல் திரும்பி வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. உடம்பெல்லாம் சேறு. வாயில் ஒன்றுமில்லை. வந்து உட்கார்ந்து, பெரியவரின் முகத்தைப் பார்த்தது.